கடைசி 66 ஆட்டங்கள்

2025 மே 21 அன்று ஸ்பெயினின் பில்பாவோ நகரில் டாட்டன்ஹம் கிளப் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது. அந்த கிளப்புக்கு 17 வருடங்களில் இதுதான் முதல் கோப்பை. ஐரோப்பியக் கோப்பை என்று பார்த்தால் 41 வருடங்கள். பதினாறு நாள் கழித்து, ஜூன் 6 அன்று, பயிற்சியாளர் ஆஞ்ச் போஸ்டகோக்லுவின் சீட்டு கிழிந்தது.

உடனே கோபப்பட வேண்டாம். அதே சீசனில் ப்ரீமியர் லீகில் டாட்டன்ஹம் 38 ஆட்டங்களில் 22-ஐத் தோற்று 17-ஆம் இடத்தில் முடித்தது. 18-ஆம் இடம் வந்திருந்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஆக, கிளப்பிடம் ஒரு நியாயம் இருந்தது. கிளப் வெளியிட்ட அறிக்கையும் நாகரிகமானதுதான். அவருக்கு நன்றி சொன்னது, கோப்பையைப் புகழ்ந்தது, இந்த வெற்றி தரும் உணர்ச்சியை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது என்ற பொருளில் ஒரு வரி எழுதியது. பிறகு ஒரு கணக்கு: கடைசி 66 லீக் ஆட்டங்களில் 78 புள்ளிகள்.

ஏன் 66?

அவர் லீகில் நடத்தியது மொத்தம் 76 ஆட்டங்கள். முதல் பத்தில் எட்டு வெற்றி, இரண்டு டிரா, 26 புள்ளிகள். டாட்டன்ஹம் அப்போது பட்டியலின் உச்சியில் இருந்தது. அறிக்கையில் அந்தப் பத்து ஆட்டங்களுக்குக் கிடைத்தது நல்ல தொடக்கம் என்று ஒரு சொல், அவ்வளவுதான். கணக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. என் வேலையில் இது தினமும் கண்ணில் படும் விஷயம். சர்வர் மெதுவாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டுமா? கிராஃபின் தொடக்க நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். எண்ணில் பொய்யே இருக்காது. வேடிக்கை என்னவென்றால் இங்கே வெட்ட வேண்டிய தேவைகூட இல்லை. முழுசாகப் பார்த்தால் ஆட்டத்துக்கு 1.37 புள்ளி, வெட்டிப் பார்த்தால் 1.18. அப்படிப்பட்ட கிளப்புக்கு இரண்டுமே சுமார்தான். முடிவு எப்போதோ எடுத்தாகிவிட்டது, கணக்கு பின்னால் வந்து சேர்ந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

என் கேள்வி இதுதான். ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது அவர் செய்ததற்கான தீர்ப்பா, அல்லது இனி என்ன நடக்கும் என்கிற கணிப்பா?

பழைய கால்பந்தில் அது தீர்ப்புதான். சொல்லப்போனால் பலி. ஐந்து ஆட்டம் தோற்றால் மைதானத்தில் கூச்சல் எழும், முதலாளி முகம் சுளிப்பார், ஒரு தலை உருளும். புது ஆள் வந்ததும் அணி ஜெயிக்கும். 'பாத்தியா, ஆளை மாத்தினதும் ஜெயிச்சிட்டாங்க' என்று எல்லோரும் சொல்வார்கள். நெதர்லாந்துப் பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வேல் இந்த நம்பிக்கையைத்தான் சோதித்தார். 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, சரிந்தபோது பயிற்சியாளரை மாற்றிய அணிகளையும், அதே அளவு சரிந்தும் மாற்றாத அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டன. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மந்திரித்தால் மறுநாள் குறையத்தான் செய்யும். மந்திரிக்காவிட்டாலும் குறையும்.

இந்தப் பலி வழக்கத்துக்கு எதிராகத்தான் புதிய முறைகள் வந்தன. ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எந்த நிலையில் அடிக்கப்பட்டது என்று பார்த்து, அது கோலாக எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கணக்கிடுகிறார்கள். எக்ஸ்ஜி என்பது இதுதான். ஸ்கோர்போர்டில் இருப்பது நடந்தது. எக்ஸ்ஜி சொல்வது நடந்திருக்க வேண்டியது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்துக்குத் தமிழில் ஊழ் என்று பெயர் வைக்கலாம்.

இந்தக் கணக்கு சிலருக்கு உண்மையிலேயே நீதி செய்தது. 2015 பிப்ரவரியில் யூர்கன் க்ளாப்பின் டோர்ட்முண்ட் ஜெர்மன் லீகின் கடைசி இடத்தில் கிடந்தது. சீசன் முடிவில் எழுந்து ஏழாவதாக வந்தது. க்ளாப்பின் காலம் முடிந்தது என்று பேசினார்கள். லிவர்பூல் கிளப்பில் இயன் கிரஹாம் என்றொருவர் இருந்தார், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய மாடலின்படி அந்த டோர்ட்முண்ட் ஆடிய ஆட்டத்துக்கு இரண்டாம் இடமே வந்திருக்க வேண்டும். லிவர்பூல் 2015 அக்டோபரில் க்ளாப்பைக் கூட்டி வந்தது. பிறகு நடந்ததைக் கால்பந்து பார்க்காதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

லண்டனின் மேற்கே உள்ள சின்ன கிளப்பான பிரென்ட்ஃபோர்ட் இன்னும் தூரம் போனது. அதன் முதலாளி மாத்யூ பென்ஹம் ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்தவர், பந்தயக் கணக்கில் பணம் சம்பாதித்தவர். 2018 அக்டோபரில் துணைப் பயிற்சியாளராக இருந்த தாமஸ் ஃபிராங்கை மேலே உயர்த்தினார்கள். முதல் பத்து ஆட்டங்களில் எட்டுத் தோல்வி. வேறு எந்த கிளப்பாக இருந்தாலும் அவரை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். பிரென்ட்ஃபோர்ட் அசையவில்லை. 2021-இல் அந்த கிளப் ப்ரீமியர் லீகுக்கு ஏறியது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? நானும் பொறியியல் படித்தவன். அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டு ஆளைப் பார் என்றால் மனசு உடனே சரி என்கிறது.

ஆனால் கழித்தல் ஒரு பக்கமாக மட்டும் நிற்பதில்லை. 2015-இல் இதே பிரென்ட்ஃபோர்ட் மார்க் வார்பர்ட்டன் என்பவரைப் போகவிட்டது. முந்தைய வருடம் மூன்றாம் டிவிஷனிலிருந்து அணியை மேலே கொண்டுவந்தவர் அவர். அந்த சீசனிலும் ஐந்தாம் இடம் பிடித்து, ப்ரீமியர் லீகுக்கு ஏறும் பிளேஆஃப் வரை போனார். சீசன் முடிந்ததும் பிரிகிறோம் என்று பிப்ரவரியிலேயே அறிவித்தாகிவிட்டது. வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் கணக்குக்கு எவ்வளவு இடம் என்பதில் அவருக்கும் முதலாளிக்கும் ஒத்துப்போகவில்லை. அவருக்குப் பதிலாகக் கொண்டுவந்த டச்சுக்காரர் மாரினஸ் டைக்ஹவுசன் நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. அப்புறம்தான் எல்லாம் சரியானது. இந்தப் பகுதியைச் சொல்லாமல்தான் பிரென்ட்ஃபோர்ட் கதையை எல்லோரும் சொல்கிறார்கள்.

இன்னும் கடினமான கேஸ் லெஸ்டர். 2016-இல் கிளாடியோ ரனியேரி அந்த கிளப்புக்கு லீக் பட்டம் வாங்கித் தந்தார். சீசன் ஆரம்பத்தில் அதற்குப் பந்தயக் கடைகளில் 5000-க்கு 1 என்று விலை. ஒன்பது மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில் நீக்கினார்கள். அணி அப்போது இறங்கும் ஆபத்தில் இருந்தது. உதவியாளர் க்ரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் ஜெயித்தார். 12-ஆம் இடத்தில் சீசன் முடிந்தது. டெர் வேலைப் படித்தவன் அந்த ஐந்து வெற்றியைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அதே ஆள் ரனியேரியின் பட்டத்தையும் பார்த்துச் சிரிக்க வேண்டிவரும். அதிலும் ஊழுக்குப் பங்கு உண்டே. பட்டம் பாதி அதிர்ஷ்டம் என்றால் நன்றியும் பாதிதானா?

1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் தார்மீக அதிர்ஷ்டம் என்பதைப் பற்றி எதிரெதிராகக் கட்டுரை படித்தார்கள். நம் கையில் இல்லாதவற்றுக்காக நம்மை எடைபோடக் கூடாது என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கையில் இல்லாததை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் எடைபோட ஆளே மிஞ்சமாட்டார் என்பது நேகலின் கவலை. அன்றைய காற்று, எதிரணி கோல்கீப்பரின் முழங்கால், நடுவரின் கண், பாதி சீசன் காயத்தில் படுத்த இரண்டு டிஃபெண்டர்கள். எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது ஒரு சராசரி. சராசரிக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, மாலை போடுவதுமில்லை.

இங்கே ஒரு எதிர்ப்பு வரும். கோடிக்கணக்கில் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்காக எதற்கு இத்தனை கண்ணீர்? நியாயம்தான், அவர்கள் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் இது அவர்களோடு நிற்கிற விஷயம் இல்லை. வருட அப்ரைசலில் 'கடைசி இரண்டு குவார்ட்டர்' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தைக் கேட்டவர்களுக்கு 66 என்ற எண் நன்றாகவே புரியும். நானும் ஒரு கம்பெனியில் அதைக் கேட்டிருக்கிறேன். மூன்றாவது குவார்ட்டருக்கு முன்னால் நாம் செய்த வேலை திடீரென்று வரலாற்றுப் பாடமாகிவிடும்.

சட்டம் போட்டுத் தடுக்கலாமா? பிரேசில் முயன்றது. 2021-இல் லீகில் ஒரு சீசனுக்கு ஒரு பயிற்சியாளரைத்தான் நீக்கலாம் என்று விதி வந்தது. 'நீக்கவில்லை, இருவரும் பேசி ஒப்புக்கொண்டு பிரிந்தோம்' என்று சொன்னால் அந்தக் கணக்கில் வராது. அப்புறம் என்ன, எல்லோரும் ஒப்புக்கொண்டு பிரிய ஆரம்பித்தார்கள்.

பொறுமை என்ற பதிலும் எனக்குத் திருப்தி தரவில்லை. ஃபெர்கூசனைப் பார், மான்செஸ்டர் யுனைடெட் 1986-இல் கொண்டுவந்து 1990 வரை ஒரு கோப்பையும் இல்லாமல் காத்திருந்தது என்பார்கள். காத்திருந்து வீணாய்ப் போன கிளப்புகளின் கதையை யாரும் எழுதுவதில்லையே.

நான் வந்து சேர்ந்த இடம் இது. கணிப்பின் பேரில் ஒருவரை நீக்குவது தப்பில்லை, அவர் கோப்பையே வாங்கித் தந்திருந்தாலும். நன்றி என்பது நடந்ததற்கான கடன். அடுத்த வருட நாற்காலியால்தான் அதை அடைக்க வேண்டும் என்றில்லை. தப்பு எங்கே வருகிறதென்றால், கணிப்பு தன்னைத் தீர்ப்பு என்று காட்டிக்கொள்ளும்போது. 'அடுத்த வருடம் உங்களால் ஆகாது என்று நினைக்கிறோம், ஒருவேளை நாங்கள் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்' என்று சொல்ல டாட்டன்ஹமுக்கு உரிமை இருந்தது. அதைச் சொல்லாமல் அந்த மனிதரின் முதல் பத்து ஆட்டங்களைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். அது நாற்காலியை எடுப்பதைவிடப் பெரிய பறிப்பு. நாற்காலி கிளப்புடையது. அந்த 26 புள்ளிகள் அவருடையவை.

டாட்டன்ஹம் அவருடைய இடத்தில் யாரை வைத்தது தெரியுமா? பிரென்ட்ஃபோர்டின் தாமஸ் ஃபிராங்கை. போஸ்டகோக்லு செப்டம்பரில் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் கிளப்புக்குப் போனார். எட்டு ஆட்டங்கள், ஒரு வெற்றிகூட இல்லை. 39-ஆம் நாள், செல்சீயிடம் தோற்று இறுதி விசில் ஊதி இருபது நிமிடம்கூட ஆகாத நேரத்தில் அறிக்கை வந்தது. ஏமாற்றமளித்த முடிவுகள், நீக்குகிறோம், வேறு எதுவும் சொல்வதற்கில்லை. இரண்டு வாக்கியம்தான். அதில் கணக்கு எதுவும் இல்லை.