ஆசை யாருடையது?

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சீட்டுக்கட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர். பார்க்கின்சன் நோய்க்காகப் பிரமிபெக்சோல் மாத்திரையின் அளவு கூடிய சில மாதங்களில் விடிய விடிய செல்போனில் ரம்மி ஆடினார். பென்ஷன் கரைந்தது. நகைகள் அடகுக்குப் போயின. "பூர்வ ஜென்ம வினை, அனுபவிச்சுத்தான் தீரணும்" என்றார் என் நாத்தனார்.

அந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. கை நடுங்கினால் நோய், ஆசை மூண்டால் குணக்கேடா? மூளையில் டோபமைன் தரும் செல்கள் அழிவதால்தான் உடம்பு விறைக்கிறது. டோபமைனின் வேலையைச் செய்யும் இந்த வகை மாத்திரைகள் உடம்பை அசைய வைக்கும்போதே 'இன்னொரு ஆட்டம்' என்கிற வேட்கையையும் சிலருக்குக் கிளப்பிவிடுகின்றன. 2010-இல் வெளிவந்த அமெரிக்க, கனடா ஆய்வொன்றில் 3,090 நோயாளிகளை விசாரித்தார்கள். இவ்வகை மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், காமம், கண்டதை வாங்குவது, அளவின்றித் தின்பது இவற்றில் ஏதாவது ஒன்று கைமீறியிருந்தது. வினை என்று வாயை மூடிக்கொண்டால் இதை டாக்டரிடம் யார் சொல்வது?

நான் சொன்னேன். சட்டென்று நிறுத்தக்கூடாது என்று டாக்டர் அந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, லெவோடோபாவைக் கூட்டினார். சில வாரங்களில் ரம்மி நினைப்பே இல்லை. "அப்போ ஆடினது யாரு?" என்று என்னைக் கேட்டார் இவர்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிச் சைவ சித்தாந்தத்தைப் படித்தேன். அது எண்ணும் 36 தத்துவங்களில் அராகம் என்று ஒன்று உண்டு. உயிரின் விருப்பத்தைத் தூண்டிவிடும் கருவி அது. மாயையிலிருந்து வந்தது, உயிர் அல்ல. மனமும் புத்தியும் அகங்காரமும்கூடக் கருவிகளே. இதைப் படித்தபோது என் நெஞ்சு லேசானது. ஆனால் அதே கருத்து என்னை அத்தோடு விடவில்லை. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் இவர் முகம் மலர்ந்து, "வா, உட்காரு" என்கிறார். அதன் வேகம் தணிந்தால் முகம் மரத்துவிடுகிறது. சூதாடியது மாத்திரை என்றால் இந்தப் பிரியமும் மாத்திரையா?

இல்லை என்றே நினைக்கிறேன். கருவியோடு கூடித்தான் உயிர் விரும்பும், செய்யும். ஆனால் கருவியே உயிராகிவிடாது. மாத்திரை வேகம் இல்லாத வேளையில், பேச்சு எழாமல் உட்கார்ந்திருப்பவர், நான் இருமினால் தண்ணீர்ச் செம்பை அங்குலம் அங்குலமாக என் பக்கம் நகர்த்துகிறார். அந்த நேரத்தில் மருந்தின் வேகம் அவருக்குத் துணையில்லை.

ஆடியதற்காக நான் அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். அதற்காக அதில் அவருக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அவரை ஆளாகவே மதிக்காததாகிவிடும். அடகுக் கடனைத் தன் பென்ஷனிலிருந்து அவரே கட்டிவருகிறார். நானும் தடுக்கவில்லை. டாக்டரிடம் போகும்போது நடுக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். புதிதாக ஏதாவது ஆசை தலைதூக்கியிருந்தால் அதை அவர்தான் சொல்கிறார்.