பி படிவத்தில் யார் கையெழுத்து?

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். ரெட்டியார்பாளையத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக ஒரே கட்சிக்கு வேலை செய்பவர். வாக்காளர் பட்டியல் அவருக்கு மனப்பாடம். எந்த வீட்டில் யார் இறந்தார்கள், எந்தப் பெண் கல்யாணமாகி வில்லியனூருக்குப் போனாள், எந்த வீட்டுக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோனது, எல்லாம் தெரியும். சென்ற சட்டமன்றத் தேர்தலுக்கு முன் நகையை அடகு வைத்துப் பணம் கட்டி விருப்ப மனு கொடுத்தார். நேர்காணலில் அவரிடம் இரண்டே கேள்விகள்: எவ்வளவு செலவு செய்ய முடியும்? வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?

வேட்பாளர் பட்டியல் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. மறுநாள் காலையிலேயே, அறிவிக்கப்பட்ட ஆணுக்காக நோட்டீஸ் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். "என்னக்கா இது?" என்றேன். "நம்மள யாரு டீச்சர் கேட்டா? அவங்க நிறுத்துறவங்களுக்கு நாம ஓட்டுப் போடணும். அவ்வளவுதான்" என்றார்.

நம்மை யார் கேட்டார்கள்? இந்தக் கேள்வி பெண்களுக்குப் புதிதல்ல. என் அம்மாவையும் கேட்டிருக்கிறார்கள். சாதி, ஜாதகம், சொத்து, வேலை என்று எல்லாவற்றையும் பெரியவர்கள் சலித்து முடித்து, மிஞ்சிய ஒருவரைக் கூடத்தில் உட்கார வைத்த பிறகு, காபித் தட்டோடு நின்ற அம்மாவிடம் "பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்கள். அம்மா தலையாட்டினார். கேட்டார்கள் என்பது உண்மை, சம்மதித்தார் என்பதும் உண்மை. ஆனால் அம்மா தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல முடியுமா? சம்மதம் வேறு, தேர்வு வேறு. வாக்குச்சாவடியில் பொத்தானை அழுத்தும்போது நாம் செய்வது இவற்றில் எது?

சட்டப்படி ஒரு கட்சியின் வேட்பாளரை உருவாக்குவது ஒரு காகிதம். பி படிவம் என்று பெயர். கட்சித் தலைமை அதிகாரம் அளித்த ஒருவர் மையினால் கையெழுத்திட்டு, மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் சேர்ப்பிக்க வேண்டும். சின்னம் யாருக்கு என்பதை அந்தக் கையெழுத்துதான் தீர்மானிக்கிறது. அதை யாரைக் கேட்டு இட வேண்டும் என்று நம் சட்டம் சொல்வதில்லை. கட்சிகளுக்குள் ஜனநாயகத்தைச் சட்டமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில் 1999இலேயே பரிந்துரைத்தது. அது அறிக்கையாகவே இருக்கிறது. கையெழுத்தின் பிடி வெற்றியோடும் முடிவதில்லை. 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். நிறுத்தியவருக்குத்தான் அவர் கடைசிவரை கடன்பட்டவர்.

வகுப்பில் குடவோலையைப் பற்றிச் சொல்லும்போது மாணவிகள் பெருமையோடு நிமிர்ந்து உட்காருவார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின் விதிகளை நான் வாசித்துக் காட்டுவேன். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதப் பயிற்சி. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை என்ற அருமையான விதியும் உண்டு. குடத்தில் கைவிட்டு ஓலை எடுப்பது ஒரு சிறுவன். கள்ளமற்ற கைதான். ஆனால் எந்தப் பெயர்கள் குடத்துக்குள் போகலாம் என்பது அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. நிலமற்றவர் பெயர் உள்ளே இல்லை. பெண்ணின் பெயரும் இல்லை.

குடத்துக்குள் பெயர் போடும் உரிமையையும் மக்களுக்கே கொடுத்தால் என்ன? அமெரிக்காவில் தேர்தலுக்கு முன் ஒரு முதற்கட்டத் தேர்தல் நடக்கிறது. சில மாநிலங்களில் அதில் கட்சிப் பதிவு பெற்றவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். வேறு சில மாநிலங்கள் கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டன. கலிபோர்னியா மக்கள் 2010இல் வாக்களித்துக் கொண்டுவந்த முறையில், எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில் நிற்கிறார்கள். எந்தக் கட்சியானாலும் முதல் இரண்டு இடம் பெற்றவர்கள் இறுதிச் சுற்றுக்குப் போகிறார்கள். அலாஸ்காவில் நான்கு பேர் போகிறார்கள். அந்த முறை முதன்முதலாக நடைமுறைக்கு வந்த 2022இல்தான் அலாஸ்காவின் பூர்வகுடிகளிலிருந்து முதல் நாடாளுமன்ற உறுப்பினர் வந்தார். மேரி பெல்டோலா என்ற பெண்.

"வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது எங்கள் கட்சியின் உள்விவகாரம்" என்ற பதிலை நாம் அடிக்கடி கேட்கிறோம். டெக்சாஸில் ஜனநாயகக் கட்சியும் அதையேதான் சொன்னது. தான் ஒரு தனியார் அமைப்பு, தன் முதற்கட்டத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்றது. அந்த மாநிலத்தில் அந்தக் கட்சி நிறுத்துபவர்தான் வெல்வார் என்பதால், பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. கறுப்பின மக்கள் அந்தச் சடங்கில் மட்டும் கலந்துகொள்ளலாம். முதற்கட்டத் தேர்தலும் பொதுத்தேர்தலின் பகுதியே என்று 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைப் படித்தபோது, அடிவாங்கிய பெண்ணிடம் "இது உங்க வீட்டு விஷயம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் குரல்தான் எனக்குக் கேட்டது. எங்கே அநியாயம் நடக்கிறதோ அந்த இடத்தை 'உள்ளே' என்று அழைத்துவிட்டால் கேள்வி நின்றுவிடும். உள்ளே என்பது எது, வெளியே என்பது எது என்று கேட்டதுதான் பெண்ணியத்தின் முதல் வேலை.

ஆனால் கதவைத் திறந்தாலே பெண்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. பிரான்சின் சோஷலிஸ்ட் கட்சியில் 2006இல் உறுப்பினர்கள் மட்டும் வாக்களித்து, செகொலென் ருவயாலை அதிபர் வேட்பாளர் ஆக்கினார்கள். 2011இல் ஒரு யூரோ கொடுத்து, இடதுசாரி மதிப்புகளை ஏற்கிறேன் என்று கையெழுத்திட்ட எவரும் வாக்களிக்கலாம் என்று கதவைத் திறந்தபோது, அதே ருவயால் நான்காம் இடத்துக்குப் போனார். அந்தச் சுற்றில் இறுதிவரை வந்த மார்த்தின் ஓப்ரியும் பெண்தான், அவரும் தோற்றார். பெண்களை அங்கே உள்ளே கொண்டுவந்தது, வேட்பாளர்களில் ஆணும் பெண்ணும் சமமாக இருக்க வேண்டும் என்ற 2000ஆம் ஆண்டுச் சட்டம். அதையும் பெரிய கட்சிகள் அபராதம் கட்டித் தட்டிக்கழிக்கப் பார்த்தன.

இங்கே நிலைமை இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் 2021இல் 234 தொகுதிகளில் சரிபாதியைப் பெண்களுக்குக் கொடுத்தது நாம் தமிழர் கட்சி. அது தொண்டர்கள் வாக்களித்து எடுத்த முடிவல்ல, தலைமையின் முடிவு. மாறாக, 2014 மக்களவைத் தேர்தலுக்குக் காங்கிரஸ் ஏறத்தாழ 15 தொகுதிகளில் முதற்கட்டத் தேர்தலைச் சோதித்துப் பார்த்தது. வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்ல, கட்சிக்காரர்கள். வதோதராவில் மோடி நிற்கிறார் என்றானதும், அப்படி வென்றவரே விலகி மூத்த தலைவருக்கு இடம் விட்டார். நம் ஊரில் இன்னொரு சுற்றுத் தேர்தல் என்றால் இன்னொரு சுற்று நோட்டு, இன்னொரு சுற்று சாதிச் சங்கக் கூட்டம். சொந்தக் கட்சி ஆண்களையே எதிர்த்து நிற்கும் பெண்ணின் நடத்தையைத்தான் தெருமுனையில் முதலில் பேசுவார்கள். அக்காவுக்கும் இது தெரியும்.

அப்படியானால் நல்ல தலைவர் ஒருவரின் கருணைக்குக் காத்திருக்கலாமா? கருணையின் கணக்கைப் புதுச்சேரியிலேயே பாருங்கள். இங்கே ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். தேர்ந்தெடுக்கப்படும் 30 சட்டமன்ற இடங்களில் 2016இல் நான்கு பெண்கள் வென்றார்கள். 2021இல் ஒருவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பெண் அமைச்சரான அந்த ஒருவர், சந்திர பிரியங்கா, 2023 அக்டோபரில் சாதி, பாலினப் பாகுபாட்டையும் பண பலத்தையும் குறிப்பிட்டு விலகல் கடிதம் எழுதினார். உள்ளாட்சித் தேர்தலோ 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது, அதன் பிறகு நடக்கவே இல்லை. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட அந்த வார்டுகள்தான் கட்சித் தலைவரின் தயவில்லாமல் ஒரு பெண் பொதுவாழ்வில் காலூன்றக்கூடிய ஏணி. 2006இல் ஒரு பெண்கள் வார்டில் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டுத்தான் அக்காவும் அரசியல் கற்றார்.

2023 டிசம்பரில் நிறைவேறிய சட்டத் திருத்தத்தால் புதுச்சேரி சட்டமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு வர வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகு 30இல் பத்து. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பத்துப் பேருக்கும் பி படிவத்தில் கையெழுத்திடப்போவது யார்? அதே கை என்றால், தனக்குக் கடன்பட்டவரைத்தான் அது தேடும். மனைவி, மகள், மருமகள். பிறகு "பார்த்தீர்களா, பினாமி" என்று அந்தப் பெண்களையே கேலி செய்வார்கள். கையெழுத்திட்டவரை யாரும் கேலி செய்வதில்லை.

அதனால் எனக்கு இரண்டும் வேண்டும். இட ஒதுக்கீடு வேண்டும், அந்த இடத்துக்கு யார் என்று தொகுதி மக்கள் சொல்லும் முதற்சுற்றும் வேண்டும். கொள்கையுள்ள கட்சி தன் வேட்பாளரை அயலார் முடிவு செய்வதை எப்படி ஏற்கும் என்று கேட்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. கட்சியின் கொள்கையை ஏற்பதாகக் கையெழுத்திட்ட, தொகுதியில் வசிக்கும் எவரும் வாக்களிக்கலாம் என்று வையுங்கள். அரசிடம் பதிவு பெற்று, சின்னம் பெற்று, கொறடா அதிகாரமும் பெற்ற அமைப்பு, இந்த அளவுக்குக்கூடக் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்வதில் என்ன நியாயம்?

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நம்ம தெருவுல ஓட்டு வெச்சா நான் ஜெயிப்பேனான்னு தெரியாது டீச்சர். ஆனா தோத்தேன்னா, இன்னார் என்ன வேணாம்னு சொன்னாங்கன்னாவது தெரியும்ல? இப்ப யாரு வேணாம்னு சொன்னாங்கன்னே தெரியலையே."

அடகு வைத்த நகையை அவர் இன்னும் மீட்கவில்லை.