கருஞ்சேற்றின் மதிப்பு

கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், நீர் வடியும் வேளையில் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டையின் நாற்றம் எழும். நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அந்த நாற்றமோ உயிர்களின் மூச்சு. சேற்றில் சிறிது ஆழத்திலேயே பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து, ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. அது இரும்போடு கூடுவதால் சேறு கறுக்கிறது. மரமும் விலங்கும் தோன்றுமுன்னரே, 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, இவ்வகைச் சுவாசம் உலகில் இருந்தது.

இத்தகைய நிலத்துக்கு நாம் இட்ட பெயர் பாழ்நிலம். வடித்து உலர்த்திப் பண்படுத்தலாம் என எண்ணுவோரும் உளர். (குட்டநாட்டின் கரிநிலங்கள் அவர்களுக்கு விடை கூறும்: காற்றுப்பட்ட கந்தகம் அமிலமாகி நெல்லின் வேரைக் கெடுக்கிறது.)

அறிவியலார் இன்று இச்சேற்றுக்காகப் பரிந்து பேசுகின்றனர். இலைதழைகள் அதில் மெல்லவே மட்குவதால் கரிமம் நெடுங்காலம் புதைந்து கிடக்கிறது. மீத்தேனும் குறைவாகவே உண்டாகிறது. 2022ஆம் ஆண்டில் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மகிழ்ச்சியே. ஆயினும், பயன் கருதி மட்டுமே காப்போமாயின், நாளை வேறொரு பயன் பெரிதாகத் தோன்றும்போது எதைச் சொல்லித் தடுப்போம்? பயனை மட்டுமே அளக்கும் அக்கோல் படுக்கையில் கிடக்கும் முதியவர் மீதும் ஒருநாள் நீளுமன்றோ!

உயிரினங்களுக்குத் தம்மளவிலேயே மதிப்புண்டு என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' மடலில் கூறினார். நுண்ணுயிர்களையும் அவர் மறக்கவில்லை. நம் பங்குகளில் அம்மடல் பெரும்பாலும் மரம் நடுவிழாவோடு நின்றுவிடுகிறது. நடப்படுபவை நமக்கு நிழல் தரும் மரங்கள் என்பதையும் கவனிக்கலாம்.