முன்னால் வந்ததெல்லாம் காரணமா?

விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறிய மறுநாள் பிரிண்டர் நின்றுபோனால், அப்டேட்தான் கெடுத்தது என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். அதற்கு ஆதாரம் ஒன்றே: ஒன்று முன்னால் நடந்தது, மற்றது பின்னால் நடந்தது. முன்நிகழ்வு எப்போது காரணமாகிறது என்பது இந்தியத் தருக்க நூல்கள் விடாமல் வாதிட்ட கேள்வி.

நியாய மரபு காரணத்துக்கு இரண்டு தகுதிகளைக் கேட்கிறது. காரியத்துக்கு முன் அது தவறாமல் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டாலும் காரியம் விளங்கிவிடும் என்ற நிலை இருக்கக் கூடாது. இரண்டாவதில் தோற்பவை அந்யதாசித்தம் எனப்படும். விசுவநாதரின் பாஷாபரிச்சேதம் இதற்குக் குடத்தைக் காட்டுகிறது. சக்கரத்தைச் சுழற்றும் கோல் காரணம். கோலின் நிறமும் குயவனின் தகப்பனும் மண் சுமந்த கழுதையும் காரணமல்ல. கழுதை வாசலில் நின்றது பொய்யல்ல, ஆனால் வேறு வழியில் மண் வந்தாலும் குடம் உருவாகும்.

அப்டேட் கோலா, கழுதையா? அப்டேட் ஓடிய இரவே மின்சாரம் போய் வந்திருக்கலாம். மீண்டும் உயிர்பெற்ற ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கும். கணினியோ பழைய முகவரிக்கே பக்கங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். திரையில் ‘ஆஃப்லைன்’ என்று வரும். டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினால் புது முகவரியோடு புதிய போர்ட் உருவாகி, அச்சும் வந்துவிடும். உடனே டிரைவர்தான் பழுது என்று முடிவுகட்டுவார்கள். மருந்து பலித்தது, நோயைக் கண்டதாகச் சொன்னது மட்டும் தவறு.

இதைத் தவிர்க்க நியாயம் வைத்திருக்கும் கருவி அன்வய வியதிரேகம்: ஒன்று இருக்கும்போது விளைவு இருக்கிறதா, அது மட்டும் இல்லாதபோது விளைவும் இல்லையா என்று பார்ப்பது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வகுத்த வேறுபாட்டு முறையும் ஏறக்குறைய இதுவே. பிரிண்டரின் பொத்தானிலிருந்தே சோதனைப் பக்கம் எடுத்தால் மையும் காகிதமும் சந்தேகத்திலிருந்து விலகும். வேறொரு கணினியிலிருந்து அச்சிட்டுப் பார்த்தால் வலையமைப்பும் விலகும். இடறுவது ‘மட்டும்’ என்ற சொல்லில். அப்டேட்டை நீக்கினால் பெரும்பாலும் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதில் அச்சுப் பணிகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலரும் புதிதாகத் தொடங்கும். மாறியவை இரண்டு, பாராட்டு ஒன்றுக்கு. அதனால் முதலில் வெறுமனே மறுதொடக்கம் செய்து பார்ப்பதே முறை.

இல்லாமையும் காரணமாகுமா என்பது இன்னும் கடினமான கேள்வி. சிஸ்டம்32 கோப்புறைக்குள் இருக்கும் ஸ்பூல் கோப்புறையில் சிதைந்த கோப்பு ஒன்று சிக்கிக்கொண்டால், பின்னால் வருபவை எல்லாம் வரிசையில் நிற்கும். ஸ்பூலரை நிறுத்தி, அக்கோப்பை அழித்து, மீண்டும் தொடங்கினால் அச்சு வரும். புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை. வேறொரு மரபினரான மீமாம்சகர்களும் நியாய மரபினரான நையாயிகர்களும் வாதிட்ட பழைய வழக்கு இதுதான். ஓர் இரத்தினக்கல் அருகில் இருந்தால் தீ சுடாது என்று வைத்துக்கொண்டு, அப்போது தீயில் என்ன மாறியது என்று கேட்டார்கள். தீக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சக்தி போய்விட்டது என்றனர் மீமாம்சகர். சக்தி தேவையில்லை, தடையின்மையும் காரணத் தொகுதியில் ஓர் உறுப்பு என்று நியாயகுசுமாஞ்சலியில் உதயணர் வாதிட்டார். ஸ்பூலர் விஷயத்தில் உதயணர் பக்கமே வலுவானது. பிரிண்டர் அச்சிடும் திறனை இழக்கவே இல்லை. ஆனால் அந்தக் கொள்கைக்கு விலையும் உண்டு. இல்லாதிருக்க வேண்டிய தடைகளுக்குக் கணக்கில்லை; அத்தனையையும் தொகுதியில் சேர்த்தாக வேண்டும்.

தொகுதி முழுவதும் தெரிந்த பிறகும் எதைக் ‘காரணம்’ என்று பெயரிட்டுச் சொல்வது என்பது கேட்பவரைப் பொறுத்தது. 2021 ஜூலையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ எனப்பட்ட பாதுகாப்பு ஓட்டை விண்டோஸ் ஸ்பூலரில் அம்பலமானது. ஆகஸ்டு அப்டேட்டுக்குப் பின், சர்வரிலிருந்து பிரிண்டர் டிரைவரை நிறுவ நிர்வாகி உரிமை கட்டாயமானது. கடவுச்சொல் கேட்கும் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த ஊழியருக்கு அப்டேட் காரணம், நிர்வாகிக்கு உரிமை அமைப்பு, மைக்ரோசாஃப்டுக்கு ஓட்டை. மூன்றும் அந்யதாசித்தம் அல்ல. 2009இல் வந்த மேக் ஓஎஸ் 10.6 ஆப்பிள்டாக் ஆதரவைக் கைவிட்டபோது, அந்த நெறிமுறை ஒன்றே தெரிந்த பழைய பிரிண்டர்களோடு கணினி நேரடியாகப் பேசுவது நின்றது. அங்கே அப்டேட் ஐயத்துக்கிடமில்லாத காரணம். பழுதென்று சொல்லத்தான் இரு பக்கமும் எதுவுமில்லை.