கருவிலிருக்கும் உயிருக்கு யார் காவல்?

மகாபாரதப் போர் முடிந்த பின்னரும் பாண்டவ வம்சத்தின் கடைசித் துளிரைக் கருக்கிவிட வேண்டும் என்ற வெறி அசுவத்தாமனுக்குத் தணியவில்லை. அவன் ஏவிய அஸ்திரம் உத்தரையின் கருவை நோக்கி வந்தது. அந்த இளம் விதவை ஸ்ரீகிருஷ்ணரிடம் ஓடிவந்து, தான் மாண்டாலும் கரு அழியக் கூடாது என்று வேண்டியதாக ஸ்ரீமத் பாகவதம் கூறுகிறது. பகவான் அக்கருவைத் தமது மாயையால் மூடிக் காத்தார். அவ்வாறு காக்கப்பட்டுப் பிறந்தவரே பரீட்சித்து மகாராஜா.

அந்தக் கரு எத்தனை மாதத்துக் கரு, அதற்கு உணர்வு வந்துவிட்டதா என்று அங்கே எவரும் கேட்கவில்லை. இன்று அக்கேள்வியைக் கேட்காமலிருக்க இயலாது.

2023 அக்டோபரில் ஒரு தாயின் வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகளைப் பெற்றவர். முந்தைய பிரசவத்திற்குப் பின் மனநோயால் அல்லலுற்றவர். குழந்தைக்குப் பாலூட்டிவந்த காலமாதலால் மீண்டும் கருவுற்றது தாமதமாகவே தெரிந்தது. கருவைக் கலைக்க முதலில் அனுமதி கிடைத்தது. பின்னர் மருத்துவர் ஒருவர், இக்குழந்தை வெளியே எடுத்தால் பிழைக்கக்கூடியது, ஆகவே இதயத்துடிப்பை முதலில் நிறுத்திவிடுவதா என்று கேட்டார். இரு நீதிபதிகள் மாறுபட்டனர். அக்டோபர் 16-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அனுமதி மறுத்தது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம், 2021-இல் திருத்தப்பட்டபின், குறிப்பிட்ட சில நிலைகளில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதிக்கிறது. இக்கர்ப்பமோ 26 வாரங்களைக் கடந்திருந்தது. தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, கருவில் குறையுமில்லை என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

வெளியே பிழைக்கும் ஆற்றல் வந்த பிறகே பாதுகாப்பு என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த ஆற்றல் குழந்தையிடம் மட்டுமா இருக்கிறது? இன்குபேட்டரும் தேர்ந்த செவிலியரும் உள்ள நகரில் பிழைக்கும் சிசு, அவை இல்லாத மலைக்கிராமத்தில் பிழைப்பதில்லை. அப்படியானால் ஒரே வயதுடைய இரு கருக்களில் ஒன்று உயிர், மற்றொன்று உயிரன்று என்றாகிவிடும். தன்னுணர்வே அளவுகோல் என்று சில தத்துவவாதிகள் வாதிடுகின்றனர். அந்த அளவுகோலை நேர்மையாக நீட்டினால், பிறந்த பச்சிளங்குழந்தையும் நினைவிழந்த முதியவரும் கோட்டுக்கு வெளியே நிற்க நேரிடும்.

நமது பழைய நூல்களாவது ஒருமித்துப் பேசுகின்றனவா என்றால், அதுவும் இல்லை. கருவுறும் கணத்திலேயே ஜீவன் சேர்கிறது என்கிறது சரக சம்ஹிதை. நான்காம் மாதத்தில் இதயம் வெளிப்படுவதால் தாய் இரு இதயம் உடையவள் ஆகிறாள் என்பது சுசுருதரின் கருத்து. கர்ப்போபநிஷதமோ ஏழாம் மாதத்தில் ஜீவன் கூடுவதாகக் கூறுகிறது. ஆகவே 'சாஸ்திரம் சொல்லிவிட்டது' என்று மேடையில் முழங்குபவர் எந்தச் சாஸ்திரம் என்பதையும் சொல்ல வேண்டும்.

இத்தனை வேறுபாட்டிற்கு நடுவே மனுஸ்மிருதியின் பிராயச்சித்தப் பகுதியில் ஒரு விதி உள்ளது. ஆணா பெண்ணா என்று அறியப்படாத கருவை அழித்தவனுக்கு அந்தணனைக் கொன்றவனுக்குரிய பிராயச்சித்தமே விதிக்கப்படுகிறது. ஒருவேளை ஆணாக இருக்கலாமே என்ற அக்காலத் தர்க்கம் அதன் பின்னால் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை, போற்றவும் வேண்டியதில்லை. ஆயினும், அறியாத இடத்தில் கையை ஓங்காதே என்ற நெறி அதனுள் இருக்கிறது. இருளில் அசைவது மானா மனிதனா என்று தெரியாத வேடன் அம்பை விடுவதில்லை அல்லவா? நம் காலத்திலோ ஸ்கேன் கருவி வந்து கருவை அறியச் செய்தது. அறிந்ததே பெண் சிசுக்களுக்கு எமனாயிற்று. பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்க 1994-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 1991-இல் 945 ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை, 2001-இல் 927 ஆகக் குறைந்தது.

ஆத்மா கொல்லப்படுவதில்லை என்று கீதை கூறும்போது கருவை அழிப்பதில் என்ன பாவம் என்று கேட்போரும் உண்டு. அவ்வாதம் உண்மையென்றால் எந்தக் கொலையும் பாவமன்று. கொல்லப்பட முடியாத ஆத்மாவைப் பற்றிப் பேசிய அதே ஸ்ரீகிருஷ்ணர்தாம் உத்தரையின் கருவைக் காத்தார்.

உத்தரை தன் உயிரைத் தர முன்வந்தாள். பகவான் அதை ஏற்கவில்லை, இருவரையும் காத்தார். கருவைக் காக்கச் சொல்வோர் பலரும் மறப்பது இதைத்தான். தாயின் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் சட்டம் வார வரம்பு விதிக்காததில் தர்மம் இருக்கிறது. மற்ற நிலைகளில், சுமக்கச் சொல்லும் சமூகம் சுமையில் பங்கேற்றதா என்ற கேள்வி எஞ்சுகிறது. உத்தரைக்குக் குந்தியும் சுபத்திரையும் பாண்டவர் ஐவரும் உடனிருந்தனர். 2023-இல் அந்தத் தாயின் பிரசவச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். குழந்தையை வளர்ப்பதா, தத்துக் கொடுப்பதா என்ற முடிவைப் பெற்றோரிடமே விட்டது.