அச்சேறுவதற்கு முன்

பேச்சுரிமை பெரிதா, பிறர் அந்தரங்கம் பெரிதா என்று கேட்டால், பேச்சுரிமைதான் என்று ஒரு காலத்தில் பட்டென்று சொல்லியிருப்பேன். இப்போது தயங்குகிறேன். காரணம், ஒரு வழக்கும் ஓர் அம்மாளும்.

வழக்கு ஊரறிந்தது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையிலிருந்தே சுயசரிதை எழுதினான். அதிகாரிகள் சிலரோடு அவனுக்கிருந்த உறவும் அதில் உண்டு என்றார்கள். 'நக்கீரன்' பத்திரிகை வெளியிட முனைந்தது. கூடாதென்று சிறைத்துறைத் தலைவர் எழுதினார். 1994-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. ஒருவனது குடும்ப வாழ்வை, உண்மையே ஆனாலும், அவன் சம்மதமின்றி எழுதலாகாது. பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம். உத்தியோகஸ்தர் தம் உத்தியோகத்தில் செய்ததற்கு அந்தரங்கம் என்று திரை போட முடியாது. வெளிவருமுன் தடுக்க சர்க்காருக்கு அதிகாரமில்லை, பரிகாரமெல்லாம் பிறகுதான். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உறுதி செய்தார்கள்.

நல்ல தீர்ப்புகள்தாம். ஆனால் 'பிறகு' என்ற அந்தச் சொல் என்னை உறுத்துகிறது.

எதிர்வீட்டு அம்மாளின் பெண் மணமான மாதமே திரும்பி வந்துவிட்டாள். அதை நான் கதையாக்கினேன். பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். கதை வந்த வாரம் அந்த அம்மாள் வாசலில் நின்று சொன்னாள்:

"பேரை மாத்திட்டே தம்பி. அவ கிணத்தடியிலே உக்காந்து அழுததை மாத்தலியே!"

அவள் கோர்ட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் இன்னும் நாலு தெருவுக்குத் தெரிந்திருக்கும். பொய்யை மறுக்கலாம். வெளியே வந்துவிட்ட உண்மையை எந்த நீதிபதி திரும்ப உள்ளே அனுப்புவார்?

அதற்காக, முன்கூட்டியே தடுக்கும் அதிகாரத்தைச் சர்க்காரிடம் கொடுக்கலாமா? ஒருக்காலும் கூடாது. கொடுத்தால் அது முதலில் மூடுவது அந்தப் பெண்ணின் கிணற்றடியை அல்ல, அதிகாரியின் மேஜையறையைத்தான்.

ஆகவே அச்சேறுமுன் காவல் நிற்கக் கூடியவன் எழுதுகிறவன் ஒருவனே. கையில் போன் வைத்திருப்பவரெல்லாம் அச்சகம் வைத்திருக்கும் இந்நாளில், அந்தக் காவல் நம் எல்லார் தலையிலும் விழுந்திருக்கிறது. நான் எழுதப்போவது ஒருவரின் அதிகாரத்தைப் பற்றியா, துயரத்தைப் பற்றியா? அதிகாரம் என்றால் அஞ்சாமல் எழுதுவேன். துயரம் என்றால், அதற்கு உரியவரைக் கேட்காமல் எழுத மாட்டேன்.

அந்தக் கதையை எந்தத் தொகுதியிலும் நான் சேர்க்கவில்லை. நல்ல கதை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அது என்னுடையதல்ல.