தொண்ணூற்றாறு ஆடுகள்

2023 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் வங்கிக் கணக்கில் 38 லட்சத்துச் சொச்சம் வந்து விழுந்தது. பி.எஃப்., கிராஜுவிட்டி, எடுக்காத விடுப்புக்கான பணம், கையிருப்பு எல்லாம் சேர்த்து. திருச்சியில் ஒரு தனியார் ஆலையின் கணக்குப் பிரிவில் 34 வருடம் அடுத்தவர்களின் லட்சங்களைக் கூட்டிக் கழித்தவன் நான். அன்று செல்போனில் வந்த குறுஞ்செய்தியில் சைபர்களை விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். மொத்தத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "இதுலேர்ந்து மாசம் எவ்வளவு வரும்?" என்றாள்.

நியாயமான கேள்வி. பி.எஃப். பென்ஷனாக எனக்கு வருவது மூவாயிரத்துச் சொச்சம். மருந்துக்கடைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் சரியாகப் போய்விடும்.

சேதி பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. மச்சினன் வந்தான். "வீடு ஒண்ணு வாங்கி வாடகைக்கு விடுங்க அத்தான். உக்காந்த இடத்துல காசு" என்றான். அவனே அப்படி ஒரு வீடு வைத்திருக்கிறான். இன்றைக்கு விற்றால் 45 லட்சம் போகும். வாடகை 11 ஆயிரம். வருடத்துக்கு 1,32,000. மூன்று சதவீதம்கூட இல்லை. அதில் வீட்டு வரி, ஆள் மாறும்போது வெள்ளையடிப்பு, காலியாகக் கிடக்கும் இரண்டு மாதம். போன ஐப்பசி மழையில் அவனைத் தேடிப் போனபோது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். கீழே பிளம்பர் குடைக்குள் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். உட்கார்ந்த இடத்துக் காசு!

பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகன் வீடியோ காலில் மியூச்சுவல் ஃபண்டில் போட்டு மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் முறையைச் சொன்னான். தெளிவாகத்தான் சொன்னான். ஆனால் 2020 எனக்கு மறக்கவில்லை. ஜனவரியில் 42 ஆயிரத்தைத் தொட்ட சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 26 ஆயிரத்துக்கும் கீழே முடிந்தது. அந்த வருடக் கடைசியில் 47 ஆயிரத்தைத் தாண்டியதும் உண்மை. நடுவில் இருந்த ஒன்பது மாதத்தில், அதை நம்பி அரிசி வாங்குகிறவன் என்ன செய்திருப்பான் என்றுதான் என் யோசனை.

மூன்றாவதாக ஒன்றும் வந்தது. லட்சம் போட்டால் மாதம் பத்தாயிரம். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் ஆறு லட்சம் போட்டார். மூன்று மாதம் வந்தது. நாலாவது மாதம் ஷட்டர் இறங்கியிருந்தது. ஊரே 'பேராசை' என்றது. அவரோடு தினமும் டீ குடிக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரியும்: அவர் பயந்திருந்தார். வங்கியில் ஆறரை சதவீதத்துக்குப் போட்டால் ஆறு லட்சத்துக்கு மாதம் 3,250 ரூபாய். அவர் கட்டும் வீட்டு வாடகை ஏழாயிரம். அந்த இடைவெளிக்குள்தான் ஏமாற்றுகிறவன் நாற்காலி போட்டு உட்காருகிறான். இது புதிதும் அல்ல. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி மூழ்கியபோதும் ஆயுசுக்கும் சேர்த்ததைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். அந்த அடியின் வலியில்தான் மறுவருடம் இந்தியன் வங்கி பிறந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தன, முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாடு 1997-ல் தனிச் சட்டமே போட்டது. சட்டம் இருக்கிறது. டிரைவர் தன் புகார் மனுவின் நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறார்.

கடைசியில் நான் போனது தபால் ஆபீசுக்கு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வரம்பை அந்த ஏப்ரலில்தான் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியிருந்தார்கள். வட்டி 8.2 சதவீதம். முப்பதையும் போட்டேன். மிச்சத்தில் ஐந்து லட்சம் வங்கியில் மூன்று ரசீதாக, மூன்று லட்சம் அண்ணன் மகன் சொன்ன ஃபண்டில் (அவன் முகத்துக்காகவும்). தபால் ஆபீசில் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், 61,500 ரூபாய். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்: "இனிமே நமக்கு வருஷத்துக்கு நாலே நாலு ஒண்ணாந்தேதி."

அதோடு முடிந்தது, இனி வேலையில்லை என்றுதான் நினைத்தேன். ஏப்ரலில் வரி பிடிக்காமலிருக்க 15ஹெச் படிவம். உயிரோடிருக்கிறேன் என்று வருடம் ஒருமுறை கைரேகை. என் ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் என்னை நம்பவே மாட்டேன் என்கிறது. நாமினி பெயரில் ஆதாரில் உள்ள 'எஸ்' முன்னாலா பின்னாலா என்று ஒரு அலைச்சல்.

அந்தச் சமயத்தில் தஞ்சாவூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். முகூர்த்தம் முடிந்து வெயில் தாழப் பெரிய கோயிலுக்குப் போனபோது, கல்வெட்டு படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் கூட வந்தார். கல்லில் கை வைத்துத் தடவியபடியே, விளக்குக்கு ஆடு விட்ட கணக்கைச் சொன்னார். கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டுமென்றால் 96 ஆடு கொடுக்க வேண்டும். அல்லது 48 பசு. எருமையென்றால் 16. அதை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும், சந்திர சூரியர் உள்ளவரை. பணமாகக் கொடுத்தவர்களும் உண்டு. அது ஊர்ச் சபையிடம் போகும், காசுக்கு வருடத்துக்கு அரைக்கால் காசு வட்டி. பன்னிரண்டரை சதவீதம். பெருமூச்சு விட்டேன்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில் அந்த ஆடுகளுக்கு ஒரு பெயர் இருக்கிறதாம். சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடு தட்டாத ஆடு.

மனைவி சிரித்துவிட்டாள். "சாகாத ஆடு ஏதுங்க?"

"ஆடு சாகும்மா. எண்ணிக்கைதான் சாகாது" என்றார் நண்பர். கிழட்டு ஆடு போனால் அந்த இடத்தில் குட்டி வந்து நிற்க வேண்டும், என்றைக்கு எண்ணினாலும் 96 இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது இடையர் பொறுப்பு. கல்லில் ராஜாவின் பெயர் பெரிதாக இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து கறந்து, தோய்த்து, கடைந்து, உருக்கி, உழக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் வேறு ஆள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மந்தையை எண்ணினேன். 38 லட்சத்துச் சொச்சத்தை 96 ஆகப் பிரித்தால் ஓர் ஆடு ஏறக்குறைய 40 ஆயிரம். என் ஆட்டுக்கும் வயசாகிறது. விலைவாசி வருடத்துக்கு ஐந்து சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், தபால் ஆபீசில் இருக்கும் 30 லட்சம் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் கிழடாகிறது. வரும் வட்டி 2,46,000. ஒன்றரை லட்சத்தைக் குட்டியாக மந்தையிலேயே விட்டுவிட்டால், நாங்கள் தின்னக்கூடியது 96 ஆயிரம். என்ன பொருத்தமோ, அதே எண். மாதம் எட்டாயிரம். அந்த வட்டி விகிதமும் ஐந்து வருடத்துக்கு அப்படியே நிற்கும். 2028-லும் அதே 61,500-தான் வரும், அன்றைக்கு அரிசி என்ன விலையோ.

டிரைவரின் பயம் அந்த பஸ்ஸில்தான் எனக்குச் சரியாகப் புரிந்தது. அப்போது அப்பா ஞாபகம் வந்தார்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். 1993-ல் ஓய்வு பெற்று, வந்த பணத்தில் ஒரு லட்சத்துக்குக் கிசான் விகாஸ் பத்திரம் வாங்கினார். அன்றைக்கு அது ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பாகும். இப்போது 115 மாதம். இரட்டிப்பானதை அப்படியே திருப்பிப் போட்டார். மறுபடி போட்டார். பத்திரங்களைப் பழுப்பு உறையில் வைத்து டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்திருப்பார். "முதல்ல கை வைக்காதே" என்பது அவருடைய ஒரே பொருளாதாரம். கடைசிக் காலத்தில் காது மந்தமானது. டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்கும். கருவி 18 ஆயிரம் என்றார்கள். பென்ஷனில் அவ்வளவு மிஞ்சாது, பத்திரத்தை உடைக்க வேண்டும். "இன்னும் எத்தனை நாளைக்குடா, விடு" என்றார். அதன் பிறகு ஐந்து வருடம் இருந்தார். பேரன் பேத்திகள் என்ன சொன்னாலும் பொதுவாக ஒரு சிரிப்பு.

அவர் போன பிறகு பத்திரங்களை மாற்றி நாங்கள் மூன்று பேரும் பிரித்துக்கொண்டோம். என் பங்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கணக்குப் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன்.

கோயில் விளக்கு சந்திர சூரியர் உள்ளவரை எரிய வேண்டியது. எங்கள் வீட்டு விளக்கு, இரண்டு பேரில் பின்னால் போகிறவர் கண் மூடும்வரை எரிந்தால் போதும். அப்பா கோயிலுக்கு விட்ட ஆட்டை வைத்திருப்பவர் மாதிரி வாழ்ந்தார். அதற்காக உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்று சொன்னவர்கள் முட்டாள்கள் என்று ஆகிவிடாது. கரையும்தான். எத்தனை வருடத்தில் என்பதுதான் கணக்கு, அதற்கு வேண்டிய ஒரே ஓர் எண் யாரிடமும் கிடையாது. இப்போதைக்கு 61,500-ல் 15 ஆயிரத்தை ஒவ்வொரு முறையும் குட்டியாக ஒதுக்குகிறோம். 37,500 ஒதுக்கினால்தான் கணக்கு நேராகும். தெரிந்தேதான் குறைக்கிறோம்.

அப்பாவின் காது எனக்கும் வந்திருக்கிறது. போன மாசியில் மனைவி பிடிவாதமாகக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, பீப் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பாதிக்கு மேல் கேட்கவில்லை. ஊகத்தில் அழுத்தினேன், அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டது. இரண்டு காதுக்கும் சேர்த்து 78 ஆயிரம் என்று காகிதத்தில் எழுதிக் காட்டியது. வங்கி ரசீதில் ஒன்றை முதிர்வுக்கு முன்னாலேயே உடைக்க வேண்டும், வட்டியில் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். "இன்னும் எத்தனை நாளைக்கு..." என்று ஆரம்பித்துவிட்டேன். எனக்கே அது அப்பா குரலாக இருந்தது.

மனைவி அந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளி, நல்ல சத்தமாகக் கேட்டாள், கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி: "எத்தனை ஆடு?"

"ரெண்டு" என்றேன்.

"சரி, ஓட்டிவிடுங்க" என்றாள்.